சம்மதக் கடிதம்

மாலை ஆறரை மணி. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை. ஒரு பக்கம் மூடிக் கிடக்கும் ஆலையின் நீளச் சுவர். மறுபக்கம் வெறும் புதர். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருத்தி தனியாக நடக்கிறாள்...

நெருங்கி உட்காருங்கள். விளக்கு எரியட்டும். அவள் என் தோழியின் நாத்தனார். துணி தைத்துப் பிழைப்பவள், கதை கட்டத் தெரியாதவள்.

அவளுக்கு நாலு வயதிருக்கும்போது ராணுவத்துக்குப் போன அப்பா, முப்பது வருடமாகத் திரும்பவில்லை. தெருவில் அவளுக்கு ஒரே பெயர்தான்... ஓடிப்போனவன் மகள். அம்மா மட்டும், "அவரு ஓடலை" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இப்போது அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. சுவரைத் தடவித் தடவித்தான் நடப்பாள். மூச்சு வேறு இழுத்துக்கொண்டிருந்தது.

"நான் கண்ணை மூடறதுக்குள்ள, அவரு ரெக்கார்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டிடுடி."

ராணுவ ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். 'இறந்துவிட்டார்' என்ற கட்டத்தில் அவள் குறி போட்டதைச் சொன்னதும் அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். "அடிடி அதை." அடித்துவிட்டு, 'உயிருடன் உள்ளார்' என்பதில் போட்டாள்.

கவுண்டரில் இருந்த குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அடிச்சா பக்கத்துல சின்னக் கையெழுத்து போடணும்மா. இல்லைன்னா செல்லாது. பட்டாளத்து ஆளுங்க இதுல தப்பு பண்ணவே மாட்டாங்க, நீங்க என்ன பட்டாளத்துக்காரர் பொண்ணு? சரி, உயிரோட இருக்காருன்னா அவர் சம்மதம் வேணும். வீட்டு விலாசத்துக்கு நாங்களே லெட்டர் போடுவோம்."

"அவர் வீட்ல இல்லையே சார்..."

"அப்ப பதில் வராது. ஆறு வாரம் பாருங்க. அப்புறம் இறந்துட்டார்னு புதுசா எழுதிக் கொண்டாங்க."

ஆறு வாரம் கழித்து, அதைத்தான் அன்று கொண்டுபோனாள். அம்மாவுக்குத் தெரியாமல். குமாஸ்தா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"உங்கப்பா உங்களைவிடச் சுறுசுறுப்பும்மா. சம்மதம் வந்து நாலு நாளாச்சு. கையெழுத்து அவரோட பழைய பட்டாளத்து அட்டையோட அச்சு அசலா ஒத்துப்போகுது."

கடிதத்தைக் காட்டினார். ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. பூட்ஸ் பாலிஷ் வாசனை...

அப்பாவின் ரெக்கார்டு இருந்த, ஒட்டிய உறையோடு வெளியே வந்தாள். புதுப் படிவம் பைக்குள்ளேயே கிடந்தது.

அந்தச் சாலையில், ஒற்றை விளக்குக் கம்பத்தின் அடியில் நின்று உறையைப் பிரித்தாள். பழுப்புத் தாள். கடைசி வரி... 'பத்து நாள் விடுப்பில் வீட்டுக்குச் சென்றார். திரும்பவில்லை.'

வீட்டுக்கா?

பின்னால் சத்தம். லாடம் அடித்த பூட்ஸ். டக்... டக்... அவள் நடந்தால் நடந்தது. நின்றால் நின்றது. மறுபடி அந்தப் பாலிஷ் வாசனை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை. வாசலில் அது அவளைக் கடந்து... அவளுக்கு முன்னால் படியேறி உள்ளே போனது.

உள்ளே கட்டிலில் அம்மா மட்டும்தான். அவள் அந்த வரியைப் படித்துக் காட்டினாள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா. ஓடலை. வீட்டுக்குத்தான் வந்தாரு."

"அம்மா... இங்க ஏதாவது லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சே, உங்கப்பா பேருக்கு. அவர்கிட்ட குடுத்துட்டேன்."

அம்மாவின் கை பின்னறைப் பக்கம் நீண்டது. வெட்டுத்துணி மூட்டைகளைப் போட்டு, வருடக்கணக்காகப் பூட்டியே கிடக்கும் அறை. உள்ளே ஏதோ தேய்த்தது. சர்க்... சர்க்... தோலின் மேல் பிரஷ் போடும் சத்தம்.

"சும்மா உக்காரச் சொன்னா கேக்கமாட்டாரு, எந்நேரமும் பூட்ஸ்தான்" என்று அம்மா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு தாள் எழுதி வச்சிருக்கியாமே. அவருக்குப் பிடிக்கலடி."

அவள் பைக்குள் கைவிட்டுப் படிவத்தை எடுத்தாள், கிழித்துப் போட. கிழிக்கவில்லை.

'இறந்துவிட்டார்' என்ற கட்டத்தில் அவள் போட்ட குறி அப்படியே இருந்தது. மேலே அப்பாவின் பெயரை மட்டும் ஒற்றைக் கோட்டால் அடித்து, அம்மாவின் பெயர் எழுதியிருந்தது. பக்கத்தில், முறைப்படி, சின்னக் கையெழுத்து. மை அவள் விரலில் ஒட்டியது.

தேய்க்கும் சத்தம் நின்றது.

நிமிர்ந்தாள். அம்மா பின்னறைக் கதவைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள். மூச்சு மட்டும் இழுக்கவில்லை.

பூட்டு பூட்டியபடி தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் பூட்ஸ் நடந்தது. டக்... டக்... கூடவே, சுவரைத் தடவித் தடவி, ஒரு ஜோடி வெறுங்கால்.