அப்பா நடித்த படம்

அந்தக் குறும்படத்தில் எங்களுக்கு அதிகம் செலவானது டீக்குத்தான். மேடைகளில் இதைச் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். இரவல் கேமரா, இரவல் விளக்கு, சம்பளம் கேட்காத நடிகர். அந்த நடிகர் என் அப்பா. அவர் எப்படி அவ்வளவு நன்றாக நடித்தார் என்று பேட்டிக்கு வந்த நீங்களும் கேட்கிறீர்கள். இத்தனை வருஷமாக ஒத்திகை என்று புளுகிவந்தேன். இன்று உள்ளதைச் சொல்கிறேன். எழுதுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு மறதி நோய் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பார். அம்மா இறந்துபோனது அவர் மனசில் தங்கவில்லை. முதல் வாரம் அவர் கேட்டபோதெல்லாம் அக்கா உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் செத்ததுபோல் துடித்துப்போனார். பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டாள். "இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அம்மா கடைக்குப் போயிருக்காங்க, அவ்வளவுதான்." நானும் தலையாட்டினேன். ஆனால் அப்பா துடித்தபோது நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு முகத்தை எந்த நடிகனிடமும் நான் கண்டதில்லை.

படத்தின் கதை சின்னது. ஒரு பெரியவரிடம் மகன் வந்து, அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்கிறான். மகனாக நானே. அக்கா வேலைக்குப் போகிற நேரம் பார்த்து, வீட்டு முன்னறையிலேயே ஷூட்டிங்கை வைத்துக்கொண்டோம். நானும் என் நண்பன் கேமராமேனும் மட்டும். இதெல்லாம் என்ன என்று அப்பா கேட்டார். டிவி ரிப்பேர் என்றேன்.

முதல் டேக்கில் அவர் நம்பவில்லை. "போடா லூசு. இப்பதான் டீ குடுத்துட்டுப் போனா." பக்கத்திலிருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். "பாரு, சூடுகூட ஆறல." பிறகு என் முகத்தைப் பார்த்தார், அவருடைய முகம் மெல்ல மாறியது. படத்தைப் பாராட்டிய எல்லோரும் எழுதினார்களே அந்த டம்ளரைப் பற்றி, அது என் யோசனை இல்லை, அப்பாவுடையது. டீயை அங்கே வைத்தது மட்டும் நான்.

அந்த டேக்கில் ஃபோகஸ் போய்விட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அழுது ஓய்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் "அம்மா எங்கடா?" என்பார் அப்பா. அப்படிக் கேட்டால் அடுத்த டேக்குக்குத் தயார் என்று அர்த்தம். உடனே தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய்ச் சூடாக இன்னொரு டீ வாங்கிவருவேன். டீச்செலவு என்றேனே, அது இதுதான்.

ஒரு கட்டத்தில் கேமராமேன், "போதும்டா, பாவம்டா பெரிய மனுஷன்" என்றான்.

"அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாருடா. மறந்துட்டா அப்புறம் வலி ஏது?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், கை மட்டும் கேமராவில் இருந்தது. ஒரு டேக்கில் வெளியே ஹார்ன் சத்தம் விழுந்தது. ஒன்றில் மேகம் மூடி வெளிச்சம் குறைந்தது. ஒன்றில் அப்பா சரியாகத்தான் துடித்தார், நான் வசனத்தில் உளறினேன். கடைசியில் எல்லாம் கூடிவந்த டேக் ஒன்று கிடைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று எடுத்துவைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

படம் பரிசு வாங்கியது, தயாரிப்பாளர்கள் தேடிவந்தார்கள். திரையிட்ட அன்று அக்காவும் வந்திருந்தாள். முடிந்து வெளியே வந்தவள், "அப்பாவுக்கு நடிக்கத் தெரியாதேடா" என்றாள். அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை. நானும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேலை மும்முரம் என்று ஊருக்குச் சொன்னேன். அப்பா, அக்கா முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

போன மாதம்தான் துணிந்து போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவுக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரிவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அது எனக்குத் தெம்பாகக்கூட இருந்தது. யாரோ ஒரு புது ஆள்போல அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அப்பா என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மகன் என்று தெரியவில்லை, அம்மாவையும் மறந்துவிட்டிருந்தார், படம் எடுத்ததும் நினைவில் இல்லை. ஆனால் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா சார்" என்றார் மெதுவாக. "இன்னிக்கு யாரு சார் செத்தது?"

அழுதேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அழுதேன்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் இருந்தது. சன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் பாதிக்கு விழுந்திருந்தது. கேமரா கொண்டுவராமல் போனோமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.