நப்தலி என்று எழுதிய சிலுவை

ரங்கூனில் பசுந்தாங் போகும் டிராமில் என் முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள். வெள்ளைச் சேலைக்காரி சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரை வேற பேர்ல புதைச்சிட்டாங்கக்கா."

"எப்படிடி?"

"கல்லறைத் தோட்டத்து கிளார்க் பேர் கேட்டார். கட்டினவர் பேரை வாயால சொல்லலாமா? வேதத்துல நப்தலி கோத்திரத்துக்குத் தலைவர் பேருன்னேன். நப்தலின்னு எழுதிட்டார். சிலுவையிலயும் அதேதான்."

"துறைமுகத்துல கூட மூட்டை தூக்கினவங்க சொல்லலையா?"

"அவங்களுக்கு அவர் பதினேழாம் நம்பர் கூலி."

"போய்த் திருத்தச் சொல்லேன்."

"மறுபடியும் அதையேதானே சொல்லணும்."

மற்றவள் யோசித்தாள். "நப்தலிக்குத் தலைவர்னா, ஏனான் மகன் அகீராவா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

"அன்னைக்கு இப்படிக் கேட்க ஒருத்தர் இல்லையேக்கா."