பள்ளிவாசல் படியில் கிடந்த சப்பாத்து

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன்.

மேடையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் தலைவர் அவர்களே, கல்முனை வர்த்தகப் பெருமக்களே, பாண்டிருப்பிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் வந்திருக்கும் தமிழ்ச் சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மாரே, நம் ஹாஜியாரின் மகள் நதீராவே! கணவரை இழந்து வெளியே வராமல் இத்தா இருப்பதால் நதீராவின் உம்மா சுல்பிகா மச்சி இங்கு வரவில்லை. ஆனால் வீடு அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறது. ஒலிபெருக்கியில் நான் பேசுவது அவருக்குக் கேட்கும். எல்லோருக்கும் ஸலாம், தமிழ்ச் சகோதரர்களுக்கு என் வணக்கம்.

நான் ஷரிபுதீன். நாம் இன்று நினைவுகூரும் மர்ஹூம் அல்ஹாஜ் கச்சிமுகம்மது ஹாஜியாரின் சப்பாத்துக் கடைக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடமாகத் துணிக்கடை வைத்திருப்பவன். இந்தத் தாளில் உரையைப் பாதிதான் எழுத முடிந்தது. மீதியை எழுதக் கை வரவில்லை. யுத்தம் முடிந்து ஐந்து மாதம் என்கிறார்கள். என் பயம் இன்னும் முடியவில்லை. கதவடியில் நிற்கும் இருவரையும் எனக்கு முன்பின் தெரியாது. ஹாஜியாரின் வாடிக்கையாளர்களாக இருக்கலாம். எப்படியோ, அவர்களும் கேட்கட்டும்.

இந்த ஊர் நம் ஹாஜியாரைப் பற்றி என்ன கதைத்தது? ஆயுதக்காரன் ஒருவனைப் பள்ளிவாசலுக்குள் ஒளித்துக் காப்பாற்றியவர் என்று கதைத்தது. இரண்டு வருடம் கதைத்தது. அவர் மௌத்தாகி, அடக்கம் செய்த மூன்றாம் நாள்கூட, அந்த ஆள் யாரென்று கேட்டு அவர் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். இத்தா இருக்கும் பெண்ணிடம், கதவுக்கு வெளியே நின்று கேட்டார்கள். அந்தக் கறையைக் கழுவத்தான் நான் இன்று எழுந்து நிற்கிறேன்.

சுனாமி என்று கடல் வந்த நாளை நாம் மறப்போமா? அவர் கடையையும் அது அள்ளிக்கொண்டு போனது. நான்காம் நாள் சேற்றைத் தோண்டி நானூறு சப்பாத்து எடுத்தார். கழுவி, தகரத்திலும் ஆணியிலும் வெறுங்காலோடு நடந்து பிள்ளைகளைத் தேடியவர்களுக்குக் கொடுத்தார். சோடி சேரவில்லை. பாண்டிருப்பு நல்லரெத்தினம் அண்ணனுக்கு இரண்டும் இடக்கால். இப்போதைக்குக் கால் வெட்டுப்படாவிட்டால் போதும் என்று மாட்டி அனுப்பினார். அண்ணன் முன்வரிசையில் இருக்கிறார். ஓம் என்று தலையாட்டுகிறார்.

சப்பாத்து விற்பவர்கள் பலர். அதன் பூர்வீகம் சொல்லி விற்றவர் இந்தக் கரையில் வேறு யார்? கணுக்காலை மூடும் கன்வஸ் சப்பாத்தைக் கையில் எடுத்தால், கூடைப்பந்து ஆடுகிறவனின் கால் பிரளாமலிருக்கச் செய்தது என்பார். மூக்கில் சாம்பல் தோல் வைத்த வெள்ளைச் சப்பாத்தை எடுத்தால், ஒரு நாட்டுச் சிப்பாய்கள் மண்டபத்துக்குள் தேகாப்பியாசம் செய்யப் போட்டது என்பார். மிஞ்சியதை இராணுவம் மலிவாகத் தள்ளிவிட்டது, பெரிய டிசைனர்மார் அதை அப்படியே பார்த்துச் செய்து பலமடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்று சிரிப்பார். கலியாணச் சப்பாத்து வாங்கப் போன மாப்பிள்ளை உலக யுத்தம் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவான். எனக்குச் சில நாள் எரிச்சல் வரும். ஆனாலும் கேட்பேன்.

டுபாயிலிருந்த தம்பி அவருக்கு ஒரு சோடி அனுப்பினார். பாசிப்பச்சைக் கன்வஸ், கறுப்புத் தோல், கணுக்காலுக்கு மேலே ஏறும் லேஸ். உட்பக்கம் அடியோரத்தில் இரண்டு சின்ன ஓட்டை. காட்டுச் சண்டையில் சிப்பாயின் சப்பாத்துக்குள் புகுந்த தண்ணீர் வடிய வைத்த ஓட்டை, இப்போது சும்மா அழகுக்கு இருக்கிறது என்றார். அதை விற்கவில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்தார்.

என் மகன் ஜவுபருக்கு அப்போது இருபது வயது. அதுதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். ஹாஜியார் மறுத்தார்.

“மச்சான், இது பார்க்கிற சப்பாத்து, நடக்கிற சப்பாத்தில்ல. ஆளத் தூக்குற வெள்ளை வேன் ஓடுற ஊரில இதப் போட்டுட்டுப் போனா ஆயுதக்காரன் எண்டுவாங்க, ஆள் திரும்பி வரமாட்டான்.”

நான் விட்டேனா? வீட்டுக்குள் மட்டும் போடுவான் என்று வாக்குக் கொடுத்தேன். பெருநாளைச் சொல்லிக் கெஞ்சினேன். பக்கத்துக் கடைப் பழக்கத்தைச் சொல்லி வாங்கினேன். வாங்கியது நான் என்பதை எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜவுபர் அதைப் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்கு வந்துவிட்டான். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த நேரம் வெளியே இராணுவ வாகனம் வந்து நின்றது. இருநூறு செருப்புகளுக்கு நடுவில் அந்தச் சப்பாத்து கிடந்தது. ரோந்து வந்தவர்களின் கண் வேறு எதில் விழும்? அதன் சொந்தக்காரன் வெளியே வரவேண்டும், வரும்வரை ஒருவரும் போக முடியாது என்றார்கள்.

நீங்களும் அன்று உள்ளே இருந்தீர்களே. ஜவுபர் எழும்பப் பார்த்தான். நான் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பாயோடு அமுக்கினேன். அவன் இழுத்தான், நான் விடவில்லை. இரண்டு வரிசை முன்னாலிருந்த ஹாஜியார் திரும்பினார். என் முகத்தை அல்ல, என் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

அவருக்கு ஏழாம் நம்பர் கால். அந்தச் சப்பாத்து ஒன்பதாம் நம்பர். தன்னுடையதுதான் என்று சொல்லிக் காலை விட்டார், குதி கழன்றது. அது அவருடையதல்ல என்று அங்கேயே தெரிந்துவிட்டது. புறக்கோட்டையில் தொழில் பழகிய சிங்களத்தில் அவர் விளக்கத் தொடங்கினார். இது அழகுக்குப் போடும் பெஷன் சப்பாத்து, இந்த ஓட்டை இதற்காக வந்தது, இந்தத் தோல் அதற்காக வந்தது என்று கடையில் சொல்வதுபோலவே எல்லாம் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார். இராணுவச் சப்பாத்தைப் பற்றி உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

முகாமில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். யாருடைய சப்பாத்து என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லையாம். அவர் சொல்லவில்லை. வரும்போது வலது காலை ஊன்ற முடியவில்லை. அந்தப் புண் ஆறவே இல்லை, இரத்தத்தில் சீனி ஏறும் வருத்தமும் சேர்ந்துகொண்டது. அதோடுதான் மௌத்தானார். கடையை மறுபடி திறந்த அன்று என்னிடம் வந்தார். நான் தலை நிமிரவில்லை.

“பொடியன வெளிநாட்டுக்கு அனுப்பிடு மச்சான்,” என்றார். “அத்தோட இந்தக் கதைய வுட்டுரு.”

நான் விட்டுவிட்டேன். ஊர் அவரைப் பற்றிக் கதைத்தபோது பக்கத்துக் கடையிலிருந்து துணி மடித்தேன். ஒருநாளாவது வாய் திறந்தேனா? இல்லை. பயம், சகோதரர்களே. வேறு எந்தக் காரணமும் இல்லை.

சுல்பிகா மச்சி, கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குக்கூட அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். உங்கள் கணவர் ஆயுதக்காரனை ஒளிக்கவில்லை. என் மகனை ஒளித்தார். நதீரா மகள், உங்கள் வாப்பா யாருக்கும் எந்தத் துரோகமும் செய்யாதவர்.

ஜவுபர் இப்போது கட்டாரில் இருக்கிறான். மௌத்துச் செய்தி கேட்டு டெலிபோனில் அழுதான்.

“வாப்பா, என்ட பேரச் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் வந்து சொல்லுவன்.”

வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். ஆகவே என்னை வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் வந்து இறங்குமுன் நான் போய்ச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இன்று எனக்கு வாய் வந்திருக்கிறது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த முகாமுக்குப் போகிறேன். அது பெஷன் சப்பாத்து, வாங்கியவன் நான், மகனைப் பிடித்துவைத்து உள்ளே மறைந்திருந்தவனும் நான் என்று சொல்வேன். அவர்களுடைய புத்தகத்தில் ஹாஜியாரின் பெயரை வெட்டி, அந்த இடத்தில் என் பெயரை எழுதச் சொல்வேன். ஒருவருக்காக முன்னால் போய் நின்றதுதான் அவர் செய்த பெரிய சேவை. என்னால் முடிந்தவரை அதை நான் செய்வேன். யா அல்லாஹ், அவர் உறங்கும் கப்றை விசாலமாக்குவாயாக. அவருடைய காலின் வேதனையை அவர் பாவங்களுக்குப் பகரமாக்குவாயாக. எனக்கு நாளை நா குழறாமல் பார்த்துக்கொள்வாயாக.

இன்னும் ஒரு உதவி வேண்டும். நான் திரும்பி வராவிட்டால், வெள்ளிக்கிழமைக்கு முன் ஜவுபருக்கு டெலிபோன் எடுத்து, வரவேண்டாம் என்று சொல்ல உங்களில் ஒருவர் வேண்டும். இப்போது யாரும் கை உயர்த்த வேண்டாம், கதவடியில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். போகும்போது ஸலாம் சொல்லி எல்லோரும் என் கையைப் பிடிப்பீர்கள் அல்லவா? அந்த நேரம் காதோடு சொல்லுங்கள்.