சிங்கக்கால் நாற்காலிகள் விஷயமாக

அந்த சோபாவின் நிறம் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லப்போவதை வைத்துக்கொண்டு, கிழவனுக்கு ரசனை கிடையாது, அழகான பொருளைக் கண்டால் வயிறெரிகிற ஜென்மம் என்று நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நன்றாகப் பழுத்த நாவல்பழ நிறம். கையால் ஒரு பக்கம் தடவினால் கருக்கும், மறுபக்கம் தடவினால் வெளுக்கும். வீட்டில் யாரும் இல்லாதபோது அதில் என் பெயரை எழுதி எழுதி அழித்திருக்கிறேன்.

நீங்கள் கடையின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நாற்காலியில் பூச்சி ஏறியது கடையிலா, இந்த வீட்டிலா? கடையில்தான் என்று முடிவானால், தரச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட உங்கள் விற்பனையாளருக்கு வேலை போகும். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற அவரைக் கம்பெனி கைகழுவிவிடும். முடிவு இன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறீர்கள். பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் நாற்காலியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் வீட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இது என் மகளின் வீடு. பதினான்காவது மாடி. சுவர், தரை, கூரை எல்லாம் வெள்ளை. அலமாரிகளுக்குக் கைப்பிடி கிடையாது. சுவரை லேசாகத் தள்ளினால் திறந்துகொள்ளும். எந்தச் சுவர் என்பதுதான் கேள்வி. குடிவந்த முதல் வாரம் தூணையெல்லாம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் குளியலறை என்று நினைத்துத் துடைப்பம் வைக்கிற அறைக்குள் புகுந்து, இடுப்பில் துண்டோடு கால் மணி நேரம் குழாயைத் தேடியிருக்கிறேன்.

இந்த வெள்ளைக்குள்தான் உங்கள் கடைச் சாமான்களின் வடிவில் இத்தாலி வந்து இறங்கியது. உங்கள் விற்பனையாளரை நாங்கள் இத்தாலிக்காரர் என்றே சொல்லுவோம். கழுத்தில் அளவு டேப், சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை. எந்த மரத்தைத் தொட்டாலும் தொட்ட இடத்தை உடனே துடைத்துவிடுவார். "சுவர் சும்மா இருக்கணும்மா, நாற்காலி பேசணும். அதான் இப்ப உலகம் பூரா இருக்கிற ஸ்டைல்" என்று மகளிடம் சொன்னார். மகள் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில்கூட அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை, கேட்டிருந்தால் கலெக்டராகியிருப்பாள்.

சோபா லிஃப்டுக்குள் நுழையவில்லை. பதினான்கு மாடியும் படியேறியே வந்தது. தூக்கியவர்கள் ஆறு பேர். மற்றவர்களிடம் பதினாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீங்கள் ஆறு என்றே போட்டுக்கொள்ளுங்கள். அதன் பின்னால் ஆளுயரக் கண்ணாடி, பூவும் கொடியும் செதுக்கிப் பொன்பூச்சு பூசியது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று. கடைசியில் சாப்பாட்டு மேசையும் எட்டு நாற்காலிகளும். வால்நட் மரம். கால்கள் வளைந்து இறங்கித் தரையைத் தொடும் இடத்தில் சிங்கத்தின் பாதம், நகம் உட்பட. எட்டு நாற்காலிக்கு முப்பத்திரண்டு பாதம். இரண்டு வேளை சாப்பிடுகிற மூன்று பேருக்கு எதற்கு எட்டு சிங்கம் என்று நான் கேட்கவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

என்னிடம் பிளாஸ்டிக் பட்டை பின்னிய மடக்கு நாற்காலி ஒன்று இருந்தது. கூடத்து ஜன்னலோரம் அதன் இடம். இத்தாலிக்காரர் அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஐயா நாற்காலி இந்த ஹாலோட பேச மாட்டேங்குதும்மா."

"அப்பாவும் அப்படித்தான்" என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

நாற்காலியும் நானும் துணி துவைக்கிற இயந்திரம் நிற்கும் பின்பக்க பால்கனிக்குப் போனோம். இயந்திரம் துணி பிழியும்போது தரையே அதிரும். அந்த அதிர்வில் நாற்காலியும் மெல்ல மெல்ல நகரும். செய்தித்தாளின் முதல் பக்கத்தை ஒரு மூலையில் ஆரம்பித்தால் கடைசிப் பக்கத்தை எதிர் மூலையில் முடிப்பேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே வாரத்துக்கு நான்கு முறை பயணம். இத்தாலிக்காரர் இதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை எனக்கென்று ஒரு சின்னத் திண்டு கொண்டுவந்தார், கடையில் மீந்த நாவல்பழ வெல்வெட்டில் தைத்தது. "முதுகுக்கு வச்சுக்குங்க ஐயா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் கடலைத் தாண்டினதே இல்ல. இத்தாலியைப் படத்துலதான் பாத்திருக்கேன்" என்றார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

இப்போது என் தொழிலைப் பற்றி. முப்பத்தாறு வருஷம் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில் இருந்தேன். மருந்து அடிக்கிறவனாகச் சேர்ந்து தலைமைச் சோதனையாளனாக ஓய்வுபெற்றேன். சோதனையாளன் வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்ப்பார்கள். நான் கதவு நிலையை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்து, கண்ணை மூடி, "ம்" என்பேன். அந்த ஒரு "ம்"முக்குப் பெரிய பெரிய டாக்டர்களே ஏங்குவார்கள். ஒரு நீதிபதி என் பின்னாலேயே மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் தவழ்ந்து வந்திருக்கிறார். சரி, நீதிபதியின் குமாஸ்தா. அதற்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை. பின்னணிக்காகச் சொன்னேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். வாடிக்கையாளரிடம் படத்தைக் காட்டினால் பயப்பட மாட்டார் என்று, ஒவ்வொரு சோதனையாளனும் ஒரு புட்டியில் உயிருள்ள பூச்சியை வைத்திருப்பான். என்னுடையது உளுவண்டு. அரிசி நீளம், பழுப்பு நிறம், சாது. வண்டு மரத்தின் நுண்துளையில் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளரும். வெளியே முகப்பவுடர் மாதிரி மாவு கொட்டும். மாவைத் தேய்த்தால் விரலில் உறுத்தாது, அவ்வளவு நைஸ். ஓய்வுபெற்ற அன்று தெளிப்பானைக் கொடுத்தேன், முகமூடியைக் கொடுத்தேன், அடையாள அட்டையைக் கொடுத்தேன். புட்டியை யாரும் கேட்கவில்லை. ரப்பர்மரக் கட்டை போட்டு பால்கனியில் வளர்த்துவந்தேன். சிலர் மீன் வளர்ப்பதில்லையா.

மேசை வந்து மூன்றாவது மாதம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்த ஒரு காலைப் பொழுது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். பாலிஷ் போட்ட மரத்தில் உளுவண்டு முட்டை வைக்காது. ஆனால் எவ்வளவு பெரிய பிரபு உட்காருகிற நாற்காலியானாலும் அடிப்பக்கம் வெறும் மரம்தான். பதினொரு வண்டுகள் இருந்தன. எட்டில் நான்கு நாற்காலிகளுக்கு மட்டும் பிரித்து விட்டேன். எட்டுக்கும் விட்டிருக்கலாம். நான் பேராசைக்காரன் இல்லை.

எதற்காக என்று கேட்பீர்கள். கூடத்து ஜன்னலோரத்துக்காகத்தான். இரண்டு நாற்காலி பழுதானால் இடம் காலியாகும், என் மடக்கு நாற்காலி உள்ளே வரும். எளிமையான கணக்கு.

அப்புறம் ஒரு வருஷம் பொறுமையாக இருந்தேன். தொழிலில் கற்றது அதுதான். ஒருநாள் மகள் பால்கனிக்கு வந்தாள், அவளாகவே.

"அப்பா, கொஞ்சம் வந்து பாருங்களேன். நாற்காலிக்குக் கீழ ஏதோ மாவு மாதிரி கொட்டிக் கிடக்கு."

உடனே எழவில்லை. செய்தித்தாளை மடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்புறம் எழுந்தேன். கூடத்தில் மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். நான் தட்டினேன். காதை வைத்தேன்.

"ம்" என்றேன்.

"என்ன மாமா? சீரியஸா?"

"பார்ப்போம், மாப்பிள்ளை. பதறாதீங்க."

அன்று இரவு சாப்பாட்டை எனக்கு முதலில் பரிமாறினார்கள். மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன், பூச்சி கடையிலிருந்தே வந்தது என்று. மகள் அதை நான்கு தோழிகளுக்கு அனுப்பினாள். அதில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கட்டிலைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிறுதோறும் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஊசியால் மருந்து ஏற்றினேன். மகள் பஞ்சு கொடுப்பாள், மாப்பிள்ளை வெளிச்சம் காட்டுவார், நடுவில் நான் கையை நீட்டினால் ஊசி கைக்கு வரும். ஆபரேஷன் தியேட்டர் தோற்றுவிடும். ஊசியில் இருந்தது தைலம் கலந்த தண்ணீர். உண்மையான மருந்தாக இருந்திருந்தால் ஒரே ஞாயிற்றில் வேலை முடிந்திருக்கும். நாங்கள் பதினான்கு ஞாயிறு ஒன்றாக இருந்தோம்.

இதற்குள் ஜன்னலோரத்தில் என் நாற்காலியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி மகளே சொன்னாள். எனக்குத்தான் நேரமில்லை.

பதினைந்தாவது வாரம் இத்தாலிக்காரர் வந்தார். மகள் என் அறிக்கையைக் கடைக்கு அனுப்பியிருந்தாள். பாவம், சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"ஐயா எழுதினா தப்பா இருக்காதுதான். ஆனா நான் ஒவ்வொரு பீஸையும் கையால தடவிப் பாத்து அனுப்பினதும்மா" என்றார். மகள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"ஒருவேளை நம்ம வீட்டு ஈரமா இருக்குமோப்பா? அவரும் சொல்றாரே" என்றாள்.

"எத்தனை கிலோ வேணாலும் தாங்கும்மா. நானே உக்காந்து காட்டுறேன்" என்றார் அவர். அப்புறம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னங்கால் ஒன்று பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. சிங்கத்தின் பாதம் மட்டும் நகத்தோடு தரையில் அப்படியே நின்றது. கீழே விழுந்து கிடந்தபடியே கைக்குட்டையை எடுத்து, தன் தலை இடித்த மேசை விளிம்பைத் துடைத்தார். அதுதான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அந்த நாற்காலியை யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நானும் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எட்டில் நான்கு நல்லவை. மூன்று சுமார். ஒன்று முடிந்த கேஸ். அன்று காலையில்தான் தட்டிப் பார்த்திருந்தேன். முப்பத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு வெற்றுச் சத்தத்தை நான் கேட்டதில்லை. "எதுல உக்காரட்டும் ஐயா, நீங்களே சொல்லுங்க" என்று என்னைத்தான் கேட்டார். மகளை இல்லை, மாப்பிள்ளையை இல்லை, என்னை. நான் அந்த எட்டாவதை இழுத்துப் போட்டேன். "இதுல உக்காருங்க. நல்லா அழுத்தி உக்காருங்க" என்றேன். அவர் விழுந்த பிறகு மகள் ஈரத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஆக, ஏற்றியது நான், வளர்த்தது நான், உட்கார வைத்ததும் நான். எழுதிவிட்டீர்களா? மகளுக்கு இனிமேல்தான் தெரியும். இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறேன் என்று உங்கள் புருவம் கேட்கிறது. மனசாட்சிதான், வேறென்ன. ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு போகக் கூடாது.

போன வாரம் உங்கள் கம்பெனி அனுப்பிய நிபுணர் வந்தார். சின்ன வயது. கையில் பீப் பீப் என்று கத்துகிற ஒரு கருவி. ஒரு தடவைகூட மரத்தைத் தட்டவில்லை. மாவைத் தொட்டுப் பார்க்கவில்லை. பத்தே நிமிஷம். மகள் அவருக்குக் காப்பி கொடுத்து, "கரெக்டாச் சொன்னீங்க சார்" என்றாள். அவருடைய அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கிறது, நானும் பார்த்தேன். மூன்றாம் பக்கம், நான்காவது வரி. கரையானாம். கப்பலிலேயே ஏறிய கரையானாம். மரத்துக் கரையான் குட்டிக் குட்டி மணியாகத்தான் கழிவு போடும், மாவாகக் கொட்டாது. முதல் வாரம் பயிற்சிக்கு வருகிறவனுக்கே தெரியும். பதினொன்றை ஆளாக்கி, ஒன்றேகால் வருஷம் காத்திருந்து செய்த வேலை ஐயா அது.

அந்த வாக்குமூலத்தையும் பேனாவையும் இப்படி என் பக்கம் நகர்த்த வேண்டாம். ஆஸ்பத்திரியில் அவர் காத்திருக்கிறார், மாலைக்குள் கடிதம் போக வேண்டும், எல்லாம் எனக்கும் தெரிகிறது. நீங்கள் அலுவலகத்துக்குப் போய் அந்தக் கரையானை அடித்துவிட்டு உளுவண்டு என்று திருத்தி, நிபுணரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.