இன்னும் கொஞ்சம் இறக்குங்க

— அது கிடக்கட்டும் தம்பி. இந்த மோட்டார் சைக்கிள் கீழ சாஞ்சுட்டா, லேசா தூக்கி நிறுத்திடலாமா?

— அண்ணே, அது ஏன் சாயப் போகுது? சத்தியமா சொல்றேன், இந்தக் கடையில இதைவிட நல்ல வண்டி இல்லை. இதுக்கு முந்தி வெச்சிருந்தவர் ஒரு வாத்தியார். பிள்ளைங்களை அடிச்சிருப்பாரோ என்னவோ, வண்டியை ஒரு தட்டுத் தட்டினது கிடையாது.

— நான் ஒண்ணு கேக்கறேன், ஏங்க, வாங்கறதுக்கு முன்னாடியே விழறதைப் பத்தி எதுக்குப் பேச்சு? தம்பி, இதையே பேசி முடிங்க. இவர் வேலை செய்யற பம்ப் ஹவுஸ் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. விடியறதுக்குள்ள போய் மோட்டாரைப் போட்டாத்தான் ஊருக்குத் தண்ணி. அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. கொண்டுபோய் விட்டுக்கிட்டு இருந்த மேஸ்திரியும் வேற ஊருக்கு மாத்தலாயிட்டார்.

— இது ரொம்பக் கனம்மா. ஸ்டாண்டு போடவே ஒரு ஆள் பலம் வேணும்.

— சரிண்ணே, கனம்தான் பிரச்சினைன்னா இதோ சைக்கிள். ரெண்டு விரல்ல தூக்கலாம். பெட்ரோல் வேணாம், லைசென்ஸ் வேணாம், போலீஸ்காரரைப் பாத்துப் பல்லைக் காட்டவும் வேணாம்.

— தம்பி, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? மாடிப்படி ஏறினாலே இந்த மனுஷனுக்குப் பாதியில மூச்சு நின்னுடுது. சுவரைப் பிடிச்சுக்கிட்டு, தெருவுல யாரோ கூப்பிட்ட மாதிரி ஜன்னல் வழியா எட்டிப் பாப்பார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. இவர் மேம்பாலத்துல சைக்கிள் மிதிச்சா அந்தப் பக்கம் நாலு பேர் தூக்கிட்டுத்தான் இறங்கணும்.

— அது கிடக்கட்டும். அந்த ஓரத்துல நிக்குதே பச்சை வண்டி, அது என்ன தம்பி?

— அண்ணனுக்கு நல்ல கண்ணு. அது பேட்டரி சைக்கிள். மிதிச்சாலும் போகும், மிதிக்காட்டியும் போகும். மேடு வந்தா பின்னால நின்னு யாரோ தள்ளிவிடற மாதிரி இருக்கும். சத்தம் மூச்! வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம கிளம்பலாம், தெரியாமலே திரும்பியும் வந்துடலாம்.

— சிரிப்பு வரலை தம்பி. நடு ரோட்டுல சார்ஜ் தீர்ந்து போச்சுன்னா?

— மிதிக்க வேண்டியதுதான் அக்கா.

— கேட்டீங்களா? இது வேணாம், மோட்டார் சைக்கிளையே எடுங்க.

— பேட்டரியைத் தனியாக் கழட்டி, மேல எடுத்துட்டுப் போய் சார்ஜ் போடலாமா?

— தாராளமாப் போடலாம்ணே. ஒரு கைக்குழந்தை கனம்தான் இருக்கும்.

— அந்தக் கைக்குழந்தையை மூணு மாடிக்கு யார் தூக்கறது? இவரா?

— மழையில வழுக்குமா தம்பி? புதுசாக் கத்துக்கறவங்க ஓட்டினாலும் அடங்கி ஒடுங்கி வருமா?

— பசு மாதிரி வரும்ணே. ஆனா நீங்க ஒண்ணும் புதுசு இல்லையே?

— சீட்டை இறக்குங்க.

— இந்தாங்க, இறக்கியாச்சு.

— இன்னும் கொஞ்சம்.

— அண்ணே, சத்தியமா சொல்றேன், உங்க உயரத்துக்கு முட்டி ரெண்டும் தாடையில வந்து இடிக்கும். சர்க்கஸ்ல கரடி ஓட்டற மாதிரி இருக்கும்.

— இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் இறக்குங்க.

— இதுக்கு மேல இந்த ஸ்பேனருக்கு அடங்காது. உள்ள போய் வேற எடுத்துட்டு வர்றேன். அக்கா, நீங்களாவது அண்ணன்கிட்ட சொல்லுங்க.

— ஏங்க. இப்போ இது யாருக்கு வாங்கறீங்க?

— எனக்குத்தான். கொஞ்ச நாளைக்கு.

— அப்புறம்?

— உனக்கு. அந்தப் பழைய டயர் மேல உக்காரு. உக்காரு, சொல்றேன். அன்னைக்கு டாக்டர் உன்னை மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்லி வெளிய அனுப்பினாரே, அந்த மாத்திரை அவர் மேஜையிலயே இருந்துச்சு. என்கிட்ட தனியாப் பேசணும்னுதான் உன்னை அனுப்பினார். இதயம் பழந்துணி மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சாம். மழைக்காலத்தைத் தாண்டினா ஆச்சரியம்னு சொல்லிட்டார்.

— வேற என்ன சொன்னார்?

— வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதித் தர்றேன், வீட்டுல போய்ப் படுங்கன்னார். வேணாம்னுட்டேன்.

— ஏன் வேணாம்னீங்க? நாளைக்கே போய் எழுதி வாங்குங்க. நானும் வர்றேன்.

— வாங்கினா ஆபீஸ்ல அன்னைக்கே கைகழுவி விட்டுடுவாங்க. வேலையில இருக்கறப்பவே போய்ச் சேர்ந்தாத்தான் அந்த வேலை வீட்டு ஆளுக்கு வரும். அதான் உனக்குக் கையடக்கமா ஒரு வண்டி பாக்கறேன்.

— அதுக்காக மோட்டார் பக்கத்துலயே விழுந்து கிடக்கணும்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கீங்க? யாரோ வந்து கதவைத் தட்டி எனக்குச் சொல்லணும்?

— பெரிய கஷ்டமான வேலை ஒண்ணும் இல்லை. மீட்டர் முள் சிவப்புக்குப் போகாம பாத்துக்கிட்டா போதும். வால்வுதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தினமும் எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி வெச்சிருக்கேன். இப்போ உன் கைக்கே திரும்பும்.

— எனக்கு அந்த வேலையும் வேணாம், வால்வும் வேணாம். இருக்கற நாளை என் கண்ணு முன்னாடி இருங்க. ஜன்னல் ஓரமா கட்டிலைப் போடறேன். நம்ம பொண்ணு காலேஜ் விட்டு வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் சும்மாப் பேசிட்டு இருப்போம். நாம சும்மாப் பேசி எத்தனை காலம் ஆச்சு?

— பேசலாம். அப்புறம் நீயும் அவளும் என்ன செய்வீங்க?

— எனக்குத் தைக்கத் தெரியும்.

— ராத்திரி ஊசியில நூல் கோக்கறதுக்கு அவளைத்தானே கூப்பிடறே?

— ஏங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வேலை வந்து...

— நீ ஒண்ணும் சொல்லாதே. காலைல கண் முழிச்சா கால் ரெண்டும் வேற யாருடையதோ மாதிரி கிடக்கு. சட்டைப் பொத்தான் போடறதுக்குள்ள வேர்த்துக் கொட்டுது. எதுக்குடா எழுந்திருக்கணும்னு இருக்கு. உனக்கு ஒரு வேலை, உனக்கு ஒரு வேலைன்னு சொல்லிச் சொல்லித்தான் என்னையே தூக்கி நிறுத்தறேன். உனக்குக் குடுக்க என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் வேணாம்னு தள்ளிடாதே. என்னமோ சொல்ல வந்தியே, என்ன?

— ஒண்ணுமில்லை. தம்பி வர்றார், முகத்தைத் துடைச்சுக்கங்க.

— இந்தாங்கண்ணே, தரையில உக்கார்ற மாதிரி இறக்கியாச்சு. கேட் வரைக்கும் ஒரு சுத்துப் போய்ட்டு வாங்க. மெதுவா முறுக்குங்க, அது பாட்டுக்குப் போகும்.

— நான் வந்ததும் நீ ஒரு சுத்துப் போகணும், சரியா?

— போறேன். பாத்துப் போங்க.

— அக்கா... ஸ்பேனர் வாசல்லயே இருந்துச்சு. அப்பவே திரும்பிட்டேன். நீங்க பேசினது காதுல விழுந்துடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.

— விழுந்தா விழுந்துட்டுப் போகுது தம்பி.

— கரடி, சர்க்கஸ்னு விஷயம் தெரியாம உளறிட்டேன். அண்ணன் மாதிரி ஒரு மனுஷன்... அந்த வேலையாவது உங்க கைக்கு வந்துடும் அக்கா. அந்த மட்டுக்கும் ஒரு ஆறுதல்.

— வராது தம்பி. டாக்டர் சொன்னதை அன்னைக்கே கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டேன். தெரிஞ்ச கையோட இவரோட பெரிய ஆபீஸுக்கு ஓடினேன், இவருக்கு ஏதாவது உக்காந்து செய்யற வேலையாப் போட்டுக் குடுங்கன்னு கேக்க. அங்கதான் சொன்னாங்க, வீட்டு ஆளுக்கு வேலை குடுக்கற வழக்கத்தையே எடுத்துட்டாங்களாம், பம்ப் ஹவுஸும் இனிமே ஆளில்லாம ஓடப் போகுதாம். அதோ, திரும்பிட்டார், சிரிச்சுக்கிட்டே வர்றார் பாருங்க. கொஞ்சம் சொல்லிக் குடுங்க தம்பி, அவர் கண் குளிர ஒரு தடவை ஓட்டிக் காட்டிடறேன்.