கால் பக்கம் நின்று கூப்பிடு

– ஏன் வேண்டாங்கறே கண்ணு? காரணத்தையாவது சொல்லேன்.

– வேற ஏதாவது எழுதுங்கக்கா. அவ்வளவுதான்.

– இனிமே எங்க எழுதறது? பலகை வந்து, வார்டு வாசல்ல மாட்டி, மேல துணியும் போர்த்தியாச்சு. பொண்ணு நீ வந்து துணியை இழுக்கணும், அது ஒண்ணுதான் பாக்கி. வாசல்ல வேன் நிக்குது பாரு.

– நீங்கதானே அங்க ஹெட் நர்ஸ். நீங்க சொன்னா மாத்த மாட்டாங்களா?

– நான் சொன்னா யாரு கேட்கறா? வாசகத்தை முடிவு பண்ணினது கட்டில்ல கிடக்கற அத்தனை பேரும் சேர்ந்து.

– இன்னொரு தடவை சொல்லுங்க, என்னன்னு.

– “தூங்குறவரைத் தொடாதே. கால் பக்கம் நின்று பேர் சொல்லிக் கூப்பிடு.” அதுக்குக் கீழ உங்கப்பா பேரு. அதுக்கும் கீழ, சிப்பாய், நர்ஸ்னு ரெண்டே வார்த்தை.

– அந்த ரெண்டு வார்த்தை போதுமே. மேல இருக்கறது எதுக்கு?

– என்ன இப்படிக் கேட்டுட்டே. எங்களுக்கு வேதமே அதுதானே. வார்டுல இருக்கற எல்லாரும் பட்டாளத்துல சண்டைக்குப் போய்த் திரும்பின மனுஷங்க. தூக்கத்துல மேல கை பட்டா எவனோ பாய வந்துட்டான்னு எகிறுவாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, மாத்திரை குடுக்க ஒருத்தரைத் தோள்ல தட்டினேன். விட்டாரு ஒரு குத்து. இந்தா பாரு, இது கட்டின பல்லு. பாவம், முழிச்சுப் பார்த்துட்டு என்னைவிட அவர்தான் அதிகமா அழுதாரு. அன்னைக்கு என் வாய்க்குப் பஞ்சு வெச்சுக்கிட்டே உங்கப்பா சொன்ன வார்த்தைதான் இது.

– தெரியும்க்கா. வீட்டுலயும் அதே சட்டம்தான்.

– இருக்காதா பின்னே? அவரும் போய்ட்டு வந்தவர்தானே.

– கரண்டியால கட்டில் காலைத் தட்டணும். அப்புறம் அப்பான்னு கூப்பிடணும். பாருங்க, அந்த இடத்துல மட்டும் பெயிண்ட் போயிருக்கு. அம்மா இருந்த வரைக்கும் தனியா கூடத்துலதான் படுப்பாங்க. அப்பா காய்ச்சல்னு படுத்தாக்கூட, முதல்ல தட்டி எழுப்பிட்டுத்தான் நெத்தியைத் தொட்டுப் பார்க்கணும்.

– என்னத்தச் சொல்ல. ஆமா, ரொம்ப நாளாக் கேட்கணும்னு நினைச்சேன். உன் தாடையில இந்தத் தழும்பு எப்படி வந்தது?

– இதுவா? சின்னதுல வீட்டுப் படிக்கட்டுல உருண்டேனாம். அப்பாதான் தூக்கிட்டு ஓடித் தையல் போட வெச்சாராம்.

– ஓ. படிக்கட்டா. சரி சரி. நல்ல கை, பக்கத்துல வந்து பார்த்தாத்தான் தெரியுது.

– ம்.

– அப்பா சட்டையை எத்தனை தரம்தான் மடிப்பே? கீழ வை. அழுதியா நீ?

– வரலக்கா. பல்லு பிடுங்க ஊசி போட்டா உதடு தடிச்சுப் போகுமே, அப்படி இருக்கு. கடிச்சாலும் தெரியல.

– வரப்போ வரட்டும். இப்போ கிளம்பு. ஜன்னல் ஓரக் கட்டில் மேஜர் விடியறப்பவே சவரம் பண்ணிக்கிட்டு சக்கர நாற்காலியில உட்கார்ந்தாச்சு. தானே பண்ணி மூணு இடத்துல வெட்டிக்கிட்டாரு. உங்கப்பாவைத் தவிர வேற யாரையும் கன்னத்துல கத்தி வைக்க விட மாட்டாரு. பக்கத்துக் கட்டில் ரேடியோக்காரர் ரேடியோவை அணைச்சு வெச்சுட்டாரு. இத்தனை வருஷத்துல கரண்ட் போனாத்தான் அது வாயை மூடும். அதைவிட மரியாதை வேற என்ன வேணும்?

– நிறையப் பேர் வருவாங்களா?

– நடக்க முடிஞ்சவங்க நடந்து வருவாங்க. முடியாதவங்களைக் கட்டிலோட தள்ளிட்டு வரோம். எல்லாருக்கும் நகம் வெட்டிவிட்டு, புண் கழுவிவிட்டு, சாகறவங்க பக்கத்துல விடிய விடிய உட்கார்ந்த மனுஷன். ரிட்டயர் ஆகியும் விட்டாரா? வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு தினம் வந்துருவாரு. சம்பளம் இல்லாத உத்தியோகம்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். வயசாச்சு இல்லியா, மத்தியானம் டியூட்டி ரூம் நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டு ஒரு தூக்கம் போடுவாரு. தோளைப் பிடிச்சு உலுக்கினாத்தான் எழுந்திருப்பாரு.

– தோளையா?

– ஆமா.

– தொட்டா எழுப்புவீங்க? எங்கப்பாவையா?

– முதல் தடவை மறந்துபோய்த் தொட்டுட்டேன். தொட்டதும் பல்லு ஞாபகம் வந்து சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டேன். அவரு மெதுவாக் கண்ணைத் திறந்து, டீ வந்துருச்சாம்மான்னாரு. அப்புறம் எல்லாரும் உலுக்கித்தான் எழுப்புவோம். புதுசா வந்த பொண்ணுங்க மூக்கைக்கூடப் பிடிக்கும். ஏன் கண்ணு, என்னாச்சு? உட்காரு முதல்ல.

– அன்னைக்குக் காலையில கரண்டியால தட்டினேன். கூப்பிட்டேன். எழுந்திருக்கல. டீயை வெச்சுட்டுப் போய், சமையலை முடிச்சுட்டு வந்து மறுபடி தட்டினேன். டீ ஏடு கட்டியிருந்தது. அப்பவும் தொடலக்கா. கால் பக்கமே நின்னு, அப்பா அப்பான்னு. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தாரு. அவர்தான் தொட்டுப் பார்த்தாரு.

– ஐயோ. இதுக்குத்தான் வேண்டாம்னியா? கண்ணு, இந்தா பாரு. டாக்டர் என்கிட்ட சொன்னாரு. ராத்திரியே, தூக்கத்துலயே உயிர் போயிருக்கு. நீ தொட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.

– என்கிட்டயும் சொன்னாரு. நான் அதைக் கேட்கல. யார் யாரையோ மூக்கைப் பிடிக்க விட்டாரே. என்னை மட்டும் ஏன் விடல?

– அது வந்து...

– உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கக்கா.

– ஒரு தடவை நானே கேட்டேன். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சட்டம் பேசினீங்களே அண்ணே, உங்களை மட்டும் உலுக்கலாமான்னு. இங்க தூங்கினா கனவு வரதில்லம்மா, சுத்தி நம்ம ஆளுங்க முழிச்சிருக்காங்கன்னாரு. அப்போ வீட்டுலன்னு கேட்டேன். வீட்டுல பயமா இருக்கும்மான்னாரு.

– எதுக்குப் பயம்?

– ஊருக்குத் திரும்பின புதுசுல, தூங்கிட்டிருந்தப்போ ஒரு சின்னக் குழந்தை தத்தித் தத்தி வந்து மேல கை வெச்சிருக்கு. இவர் கை தானா வீசிருச்சாம். யாரு குழந்தைன்னு சொல்லல. அன்னைக்குத்தான் நர்ஸ் வேலை படிக்கணும்னு முடிவு பண்ணினேன்னாரு. டீயைக்கூடக் குடிக்காம எழுந்து, கட்டில் விரிப்பு மாத்தப் போயிட்டாரு. நானும் அதுக்கு மேல கேட்கல.

– ம்.

– ஏன் கண்ணு தாடையைத் தடவறே?

– பலகையில இருக்கறது அப்படியே இருக்கட்டும். துணியை நானே இழுக்கறேன்.

– நிஜமாவா? இரு, முகத்தையாவது கழுவிக்கோ.

– அக்கா.

– சொல்லு.

– நான் பிறந்ததுலேர்ந்து இதே வீடுதான். இந்த வீட்டுல ஏதுக்கா படிக்கட்டு?