லிங்க் அக்கா பெயருக்கு வரும் அழைப்புகள்

மேடையில் வீற்றிருக்கும் நூலகத் துறைப் பெரியவர்களே, துயரத்தை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த நம் நூலகரின் கணவரே, என் சக ஆசிரியர்களே, இந்த வாசிப்பறையின் வாசகர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

பக்கத்துப் பள்ளியின் கணக்கு வாத்தியார் நான். நம் கிளை நூலகத்தின் தலைமை நூலகர் மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது. போகிற வயதா அது?

பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர். நமக்கு அவர் லிங்க் அக்கா! நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இணையத்தில் இலவசமாக நடக்கும் பயிற்சிகளைத் தேடித் தேடி எடுப்பார். காலையில் நம் எல்லார் போனுக்கும் லிங்க் வந்துவிடும். புதன்கிழமை மூன்று மணிக்கு நாளிதழ் மேசையை ஓரமாக நகர்த்தி, எட்டு நாற்காலி போட்டு, எல்லாரும் சேர்ந்து பார்க்கக் கணினியைத் திருப்பி வைப்பார். முதல் வாரம் வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவருமில்லை!

“இலவசம்னா எதையும் விடமாட்டோம் சார். பாடத்தை மட்டும் விட்டுடுவோம்” என்று சிரித்தார்.

அந்தப் பயிற்சிகளால் என்ன பயன் என்று கேட்டவன் நான். இன்று சபையறியச் சொல்கிறேன்.

அப்போது என் மகள் மூன்றாம் வகுப்பு. வாசிக்கச் சொன்னால் எழுத்துகளை விழுங்குவாள், வரி மாறிப்போவாள். சோம்பேறி என்று இதே வாசிப்பறையில் எல்லார் முன்னாலும் திட்டுவேன். ஒருநாள் மாலை அக்கா என்னைத் தனியே அழைத்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. பாப்பா சோம்பேறி இல்ல. வாசிக்கத் திணறுற பிள்ளைங்களப் பத்தி ஒரு வகுப்பு கேட்டுக்கிட்டிருக்கேன். அவளுக்கும் அந்தச் சிரமம் இருக்குமோன்னு தோணுது. நான் டாக்டர் இல்ல. விவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒருதடவை காட்டிடுங்க.”

“நாலு வீடியோ பார்த்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?” என்று கத்தினேன். வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது.

அவர் கோபப்படவில்லை. “எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு சார். அதான் படிச்சேன்.”

நான்கு மாதம் நான் நூலகப் படி ஏறவில்லை. ஆனாலும் லிங்க் வந்துகொண்டே இருந்தது. அனுப்பாமல் விட்டிருக்கலாமே, விட்டாரா?

ஒருநாள் வாசிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு என் மகள் கேட்டாள்: “அப்பா, நான் மக்குதானே?”

அன்றுதான் அக்கா அனுப்பியிருந்த அந்த வாசிப்பு வகுப்பின் லிங்க்கைத் திறந்தேன். திரையில் யாரோ முன்பின் தெரியாத ஆசிரியை பேசினார். பேசியதெல்லாம் என் மகளைப் பற்றியே இருந்தது. இரண்டாம் பாடத்துக்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த வாரமே நிபுணரிடம் காட்டினோம். அக்கா நினைத்தது சரி.

புதன்கிழமை வந்து வாசலில் நின்றேன். எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது? அவர் நிமிர்ந்து பார்த்தார். “வாங்க சார், இப்பதான் ஆரம்பிச்சுது.” அவ்வளவுதான்!

என் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. மெதுவாகத்தான் வாசிக்கிறாள். ஆனால் வாசிக்கிறாள்! அந்த நான்கு மாதத்தை மட்டும் அவளுக்கு யாராலும் திருப்பித் தர முடியாது. அது என் வீம்பின் விலை.

முந்தாநாள் அவருடைய கணவர், பேருந்து ஓட்டுநர் அண்ணன், என்னை வீட்டுக்கு அழைத்தார். கணினியில் ஒரு பயிற்சி பாதியில் நின்றிருந்தது. காது கேளாத வாசகர்களுக்கு உதவுவது பற்றியது. மொத்தம் எட்டுப் பாடம், ஐந்து முடித்திருந்தார்.

“அவ பேருக்குப் பயிற்சி அழைப்பு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு சார். ஆள் இல்லேன்னு எழுதிப் போட்டுடவா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அண்ணே, இப்போது சொல்கிறேன், எழுதாதீர்கள்! அந்த அழைப்புகள் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் நம்மில் ஒருவர் போய் உட்காருவோம் என்று இந்த அவையில் உறுதி ஏற்போம்.

நாளை ஆறாம் பாடம். நான் உட்காருகிறேன்.